தோல்ஷாப்பு மூச்சு

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, உன் அப்பாவை எடை மெஷின் மேல் நிறுத்தியது. பல் துலக்கும் முன், காபி குடிக்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரே ராத்திரியில் எடை ஏறியிருந்தால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம். அவர் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஏறி நின்றார். "கைய எடுங்க, சுவத்துல சாஞ்சா கம்மியா காட்டும்" என்றேன். "காட்டட்டுமே. கம்மியா காட்டினா உனக்குச் சந்தோஷம்தான டீச்சர்?" என்றார். சிரித்ததிலேயே இருமல் வந்துவிட்டது. கட்டிலில் உட்கார வைத்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். முள் நேற்றைவிட ஏறித்தான் இருந்தது. கணுக்காலை விரலால் அழுத்தினால் விழுகிற குழி நிரம்ப நேரமாகிறது. இருமல் அடங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பையன் நிச்சயத்துக்கு மண்டபத்துக்காரன் கிட்ட பேசிட்டியா?" பேசிவிட்டேன் என்றேன். தலையணைகளை அடுக்கி உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போனார். நான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் ஆரம்பித்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை நேரில் ஆரம்பித்தபோது தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

நம் வீட்டில் மூச்சு வாங்குவது புதிது இல்லை. உன் தாத்தா பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் ஊற வைத்தவர். ஐம்பது வயதைத் தாண்டவில்லை. உன் பெரியப்பா தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும் பஃபிங் செக்ஷனில் இருந்தார். கண்ணிமை முடியிலெல்லாம் தோல் தூசு படிந்துதான் வீட்டுக்கு வருவார். அவரும் ஏறத்தாழ அதே வயதில் நாலு படி ஏற முடியாமல் போய், ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டின் மேலேயே சாய்ந்தார். இரண்டு சாவுக்கும் வந்தவர்கள் சொன்னது ஒன்றே: தோல்ஷாப்பு மூச்சு. ஆம்பூரில், வாணியம்பாடியில், பேரணாம்பட்டில் எந்தத் தெருவில் இதைச் சொன்னாலும் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. தோல்ஷாப்பில் வேலை செய்கிறவனுக்கு மூச்சு வாங்கும். மழைக்காலத்தில் சேறாவது போல அது இயல்பு. காரணம் கையில் தயாராக இருக்கிற ஊரில் யார் வேறு காரணம் தேடப் போகிறார்கள்?

உன் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது நானும் தேடவில்லை. அவரோடு பக்கத்து மிஷினில் நின்ற ரஹமத் பாய் வந்து, "வெல்லம் குடுங்க பாபி. சாயங்காலம் ஒரு கட்டி. தூசு ஜாஸ்தியா போச்சுன்னா வெல்லந்தான் எறக்கும்" என்றார். கொடுத்தேன். தெருமுனை டாக்டர், "டேனரியா? அப்ப இதான்" என்று உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்தார். அதையும் கொடுத்தேன். சாயங்காலமானால் கால் வீங்கியது. "நாள் பூரா நின்னுக்கினே இருந்தா கால் வீங்காம இன்னா பண்ணும்?" என்றார் அவர். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்துகொண்டே தூங்கினார். இருபது வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். கால் வீக்கம், படுத்தால் திணறல், இரண்டையும் சேர்த்து வைத்து இது இதயமாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. விடைத்தாளில் அடுத்தவர் பிள்ளை செய்கிற தப்பெல்லாம் என் கண்ணில் படும்.

நாங்கள் யோசித்தது உன்னைப் பற்றித்தான். உன்னைத் தோல்ஷாப்பில் விடக்கூடாது. அது ஒன்றுதான் எங்கள் இரண்டு பேருடைய வாழ்க்கைத் திட்டம். டேனரிக்குப் பின்னால் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வந்தது அதற்காக. ஒன்பதாவது முழுப் பரீட்சை லீவில் அப்பாவுக்குச் சாப்பாட்டு கேரியர் கொண்டு போனவன் சாயங்காலம் வரை திரும்பவில்லை, ஞாபகம் இருக்கிறதா? தேடிக்கொண்டு வந்தேன். நீ பாயோடு நின்று ஈரத் தோலை ஆணி அடித்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாய். "அம்மா, பாய் எனக்குக் கூலி குடுக்கறேன்னாரு" என்று சிரித்தாய். கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து, போகிற வருகிறவர்கள் பார்க்க உன்னை அறைந்தேன். பாய் ஓடிவந்து, "பாபி, பையன் சும்மா வெளையாட்டுக்குத்தான்..." என்றார். வீட்டுக்கு வந்த பிறகு உன் அப்பா என்னிடம், "அடிச்சது சரிதான். என் நெஞ்சு போச்சு. அவன் நெஞ்சாவது நல்லா இருக்கட்டும்" என்றார். அதற்கப்புறம் நீ காலேஜ் முடிக்கிற வரை இரண்டு ஷிப்டு பார்த்தார். நீ சென்னையில் ஏசி போட்ட ஆபீஸில் சேர்ந்த அன்று, தெருவெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

வேலூர் ஆஸ்பத்திரியின் அந்த இருட்டு அறை உனக்கும் தெரியும். உனக்கு முன்னால், கால் வீக்கம் வடியாமலே போனபோது, அவரைத்தான் அங்கே படுக்க வைத்தார்கள். இடது பக்கமாகச் சாய்த்து, நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, எக்கோ எடுக்கும் பெண் விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை அழுத்தினாள். முதலில் விசிறி மாதிரி ஒரு சாம்பல் நிறப் படம் வந்தது. "இப்ப த்ரீடி எடுக்கணும் அங்கிள். நாலஞ்சு துடிப்புக்கு மூச்ச அசையாம பிடிங்க. ஒவ்வொரு துடிப்புலயும் மெஷின் ஒரு துண்டு எடுத்து, எல்லாத்தையும் ஒட்டி முழு இதயமா காட்டும். நடுவுல மூச்சு விட்டா ஒட்டு விலகிடும்" என்றாள். அவரால் பிடிக்க முடியவில்லை. ஒன்றிரண்டு துடிப்புக்குள் மூச்சு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மேல்பாகமும் அடிப்பாகமும் சரியாக ஒட்டாத ஷூ மாதிரி திரையில் இதயம் நடுவில் விலகி நிற்கும். "சாரிம்மா. தோல்ஷாப்பு மூச்சு" என்று மகள் வயதுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். "பரவால்ல அங்கிள், அவசரமே இல்ல, இன்னொரு வாட்டி பாக்கலாம்" என்றாள் அவள். கடைசியில் ஒருவழியாகப் படம் வந்தது. டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

நான் கரும்பலகையில் வரையும் இதயம் தட்டையானது. நாலு அறை, சிவப்பு சாக்பீஸ், நீலச் சாக்பீஸ், அம்புக்குறி. அந்தத் திரையில் இருந்தது கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு பொருள். டாக்டர் அதைத் திருப்பினார், கவிழ்த்தார், உள்ளே எட்டிப் பார்க்க வைத்தார். நல்ல இதயம் வெறுமனே சுருங்குவதில்லையாம். ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டு சுருங்குமாம். தசையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு சுருங்குகிறது என்று மெஷின் அளந்து நிறம் கொடுக்கிறது. நன்றாக வேலை செய்கிற இடம் கருஞ்சிவப்பு. களைத்த இடம் வெளுப்பு. சுருங்க வேண்டிய நேரத்தில் எதிராக விரிகிற இடம் நீலம். உன் அப்பாவின் இதயம் ஊதிப் பெருத்து, சுவர் மெலிந்து, முக்கால்வாசி வெளுத்து, அங்கங்கே நீலமாக இருந்தது. அது பிழியவில்லை. தண்ணீர் நிரம்பிய பை மாதிரி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அந்த மனுஷன்தான் அதற்கு முந்தின வாரம்கூட ஷிப்டுக்குப் போய் வந்திருந்தார்.

"இவங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துதா?" என்று டாக்டர் கேட்டார். மாமனார், மூத்த மைத்துனர், இரண்டு பேருக்கும் மூச்சு இருந்தது என்றேன். "ஆனா அவங்கல்லாம் டேனரி சார்." அவர் எழுதுவதை நிறுத்தினார். "டேனரி தூசு நுரையீரலைக் கெடுக்கும்மா. இதயத் தசையை இப்படிக் கெடுக்காது. மூணு பேரும் டேனரின்னு சொல்றீங்க. மூணு பேரும் ஒரே ரத்தம்னு நான் சொல்றேன்." பிறகு, "பிள்ளைங்க இருக்காங்களா?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில், "ஒரே பையன் சார். அவன் டேனரி பக்கமே போனதில்ல." எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. நாங்கள் வீடு மாற்றினோம், உன்னை அடித்தோம், அவர் தன்னை இரண்டு ஷிப்டாகச் செலவழித்தார். நாங்கள் உன்னைக் காப்பாற்றியது இல்லாத எதிரியிடமிருந்து. இருந்த எதிரியை உனக்கு நாங்களே கொடுத்திருந்தோம், நீ பிறப்பதற்கு முன்பே.

உன்னை அழைத்துப் போக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. நீ சிரித்துக்கொண்டேதான் வந்தாய். அந்தப் பெண், "ஜிம்முக்குப் போறீங்களாண்ணா? மூச்சு சூப்பரா பிடிக்கிறீங்க" என்றாள். முதல் முறையிலேயே ஒட்டு விலகாமல் உன் இதயம் திரையில் வந்து நின்றது. உன் வயதுக்குரிய இதயம், கச்சிதமாக, முறுக்கிக்கொண்டு துடித்தது. டாக்டர் நிறம் போட்டார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஒரு பக்கச் சுவரில் மட்டும் வெளுப்பு. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் நெஞ்சுக்குள் எட்டிப் பார்க்கும்படி எந்தத் தாய்க்கும் நேரக்கூடாது. அவர் சொன்னதை நீ பாதிதான் கேட்டாய், நான் முழுவதும் கேட்டேன். "பம்பிங் நார்மல்தான் தம்பி. ஆனா பம்பிங் கொறையறது கடைசியிலதான். அதுக்கு முன்னாடியே தசை களைக்கிறது இதுல தெரியுது. அப்பாவுக்கு இல்லாம இருந்தா இதை நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். இப்ப எடுத்துக்கணும். மாத்திரை ஆரம்பிக்கலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இதே படம் எடுக்கணும். ஜீன் டெஸ்ட் பண்ணிடலாம். வேலைக்குப் போங்க, கல்யாணம் பண்ணிக்குங்க, எதுவும் வேணாம்னு சொல்லல. ஆனா பொறக்கற குழந்தைக்கும் போகலாம். கட்டிக்கப் போறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

வெளியே வந்ததும் நீ சொன்னது: "பம்பிங் நார்மல்னு அவரே சொல்ட்டாரு. அப்புறம் இன்னாம்மா பேஜாரு?" அந்த மாத்திரை அட்டை பிரிக்காமல் நம் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலேயே கிடக்கிறது. ஜீன் டெஸ்டுக்கு நீ ரத்தம் கொடுக்கவில்லை. அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் என்னை இழுத்துக்கொண்டு போய், தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் தலையில் என் கையை வைத்தாய். "யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. அப்பாவுக்கும் தெரியக் கூடாது, பொண்ணு வீட்டுக்கும் தெரியக் கூடாது." அவருடைய நெற்றி வியர்த்துக் குளிர்ந்திருந்தது. நான் சத்தியம் செய்தேன். பயந்துதான் செய்தேன். உன் நெஞ்சு அவர் நெஞ்சு மாதிரிதான் என்று தெரிந்தால், அந்த ஒரு செய்தியே அவரைக் கொன்றுவிடும்.

ஆலங்காயத்திலிருந்து ரம்யா வீட்டார் பூ வைக்க வந்த அன்று நடந்ததை நீ மறந்திருப்பாய். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களை எழுந்து வரவேற்க முடியாமல் கையை மட்டும் குவித்தார். பாய் வழக்கம்போல், "இன்னா தோஸ்த், மாப்ள நீயா அவனா? நீ ஒக்காந்துக்கினு எல்லாரையும் நிக்க வெச்சிட்டியே" என்று கேலி செய்து சமாளித்தார். ரம்யாவின் அப்பா, "சம்பந்திக்கு ஒடம்புக்கு இன்னா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நீ முந்திக்கொண்டாய். "டேனரி தூசு மாமா. தோல்ஷாப்பு மூச்சு." அவர் என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. "எங்க சித்தப்பாவுக்கும் இதே கதிதான்" என்று காபியை எடுத்துக்கொண்டார். மூன்று தலைமுறையாக இந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். தெரியாமல் சொன்னார்கள். தெரிந்துகொண்டு சொன்னவர்கள் நீயும் நானும்தான். என் மாமியார் என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாமனார் இருமிக்கொண்டுதான் இருந்தார். எங்கள் வீட்டிலும் இதையேதான் கேட்டார்கள், அவர்களும் இதையேதான் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்றுவரை ஒரு கோபமும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த உண்மை அதுதான். அந்த மன்னிப்பு எனக்குக் கிடையாது. நான் படத்தைப் பார்த்தவள்.

போன ஞாயிறு நீ கேட்டாய்: "நாளைக்கு லாரி மோதினாகூடத்தான் சாவேன். அதையும் பொண்ணு வீட்ல எழுதிக் குடுக்கணுமா? உனக்கு யாராவது சொல்லிட்டா கட்டி வெச்சாங்க? நீ வாழலையா?" மாடிக்குப் போய்விட்டதால் பதிலை நீ கேட்கவில்லை. வாழ்ந்தேன். உன் அப்பா மாதிரி ஒரு மனுஷன் கிடைப்பது அபூர்வம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் கட்டியிருப்பேனா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுக்கொண்டேன். நிஜமாகவே தெரியவில்லை. கட்டியிருக்கலாம், மாட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்று தெரியும். தெரிந்து கட்டியிருந்தால், அவருக்கு முதல் முறை மூச்சு வாங்கிய அன்றே வேலூருக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேன். வெல்லம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தத் தசை சிவப்பாக இருந்த வருஷங்களெல்லாம் என் கையில் இருந்தன. அவர் பக்கத்திலேயே படுத்திருந்தேன். அவர் மூச்சு என் காதருகே ஓடியது. அதைக் கேட்கத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். லாரி மோதுவது வேறு. லாரி வருவதைப் பக்கத்தில் படுத்திருப்பவள் கேட்க முடியாது.

நேற்று சாயங்காலம் ரம்யா போன் செய்தாள். அவளுக்கு என்னோடு பேச ஏதாவது ஒரு சாக்கு வேண்டும். நேற்று ரவிக்கைத் துணி நிறம். அதைப் பேசி முடித்ததும், "அத்தை, உங்க புள்ள ஜிம்முக்குப் போறேன், ஓடுறேன்னு சும்மா பீலாதான வுடறாரு?" என்றாள். ஏன் என்றேன். "ரூமுக்குப் படியேறிப் போயிக்கினே போன்ல பேசுவாரு. ரெண்டாவது மாடிதான், பேச முடியாம நின்னுடறாரு. நான் சிரிச்சா கோவம் வேற வருது." அவளே சமாதானம் சொன்னாள்: "மெட்ராஸ்ல தூசு ஜாஸ்தி இல்ல அத்தை, அதாயிருக்கும். நாங்க வந்தா கசாயம் வெச்சுக் குடுத்துடறேன், வுடுங்க." நான் சொன்னேன், "ஆமாம்மா. தூசுதான்."

போனை வைத்தேன். உள்ளே அப்பா, "யாரு, ரம்யாவா? நல்லா இருக்காளா?" என்று கேட்டார். நல்லா இருக்காள் என்றேன். உனக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, அதை என்னிடம் மறைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதைவிடக் கொடுமை, இன்னும் நம் வீட்டு வாசலில் கால் வைக்காத ஒரு பெண் நம் வீட்டுத் தப்பைக் கற்றுக்கொண்டுவிட்டாள். கற்றுக்கொடுத்தவள் நான். வெல்லத்துக்குப் பதில் கசாயம். இருபது வருஷம் கழித்து உன்னை அந்த இருட்டு அறையில் படுக்க வைத்து, வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்னைப் பற்றி அவள் நினைக்கப் போவது எனக்கு இப்போதே தெரிகிறது.

நல்லது நடக்கும் என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. நீ மாத்திரை போடுவாய் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. என் பேச்சை நீ கேட்பாய் என்ற நம்பிக்கையும் போய்விட்டது. இந்தக் கல்யாணம் நின்றால் உன் அப்பா எந்த நாளுக்காகத் தலையணைகளில் சாய்ந்து மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாரோ அந்த நாள் இல்லாமல் போகும். அவருக்குக் காரணம் சொல்ல வேண்டி வரும். நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய். நான் அறிவியல் நடத்துகிறவள்தான். ஆனாலும் உயிர் ஊசலாடுகிற மனுஷன் தலையில் கைவைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறேன். ஆகிவிட்டால் என்னால்தான் ஆனது என்று நீ சொல்வாய். இல்லை என்று மறுக்க என்னிடம் எந்தப் பாடப்புத்தகமும் இல்லை.

நாளைக்குப் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். அப்பாவோடு மத்தியானம் வரை இருக்கும்படி பாயைக் கேட்டிருக்கிறேன். எங்கே போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலை பஸ்ஸில் ஆலங்காயம் போகிறேன். பெரியவர்களிடம் இல்லை, ரம்யாவிடம், அவளைத் தனியாக உட்கார வைத்து, டாக்டர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லப் போகிறேன். உன் நெஞ்சில் எந்தப் பக்கம் வெளுத்திருந்தது என்பதையும், படியேறும்போது வருகிற அந்த மூச்சு தூசு இல்லை என்பதையும். வேண்டும், வேண்டாம் இரண்டில் ஒன்றை அவளே சொல்லட்டும். இந்தக் கடிதத்தைப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் தபாலில் போடுவேன். உன் கைக்கு இது வரும்போது அவளுக்குத் தெரிந்திருக்கும்.